சீட்டு விழாத கடைகள்

அத்தியாயம் 6

"இன்னும் ஒரு மீன் துண்டை அந்த வினிகர்ல தொட்டு என் வாயில வெச்சீங்கன்னா, என் நாக்கு ராஜினாமா பண்ணிடும் மனாங்," என்றான் வில்மர்.

"நாக்கு போகட்டும். நீ இரு. வண்டி ஓட்ட ஆள் வேணும்," என்றாள் கொன்சோர்சியா.

வில்மர் வானொலியில் அறிவிப்பாளனாக இருந்து, விளம்பர நேரத்திலும் வாயை மூடாததால் வெளியே அனுப்பப்பட்டவன். கொன்சோர்சியா டலும்பினெஸ் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்துப் பிடித்து, கடைசியில் இலோயிலோ நகரத்தில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள். காலில் ரப்பர் செருப்பு, கையில் எப்போதும் ஏதாவது தின்பண்டம். ஊரே அவளை மனாங் என்று, அதாவது அக்கா என்று, கூப்பிடும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அரெவாலோ சதுக்கத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டிக்கடை வாசலில் மேஜை. மேஜைக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு லியோனிலா பபிலோனா நின்றாள். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பொரித்த மீனை சினமாக்கில் தொட்டுக் கொடுத்தாள். மிளகாயும் பூண்டும் இஞ்சியும் ஊறிய அந்த வினிகரைவிட அவள் முகம் அதிகம் காரமாக இருந்தது.

போன வருடம் வரை அவள் புலாவன் வினிகர் கம்பெனியில் சந்தை ஆராய்ச்சிப் பிரிவின் தலைவி. கடை வாசலில் மேஜை போட்டு ருசி காட்டினால் விற்பனை ஏறும் என்று சொன்னாள். மேலிடம் நம்பவில்லை. சோதனை வைத்தாள். பெட்டிக்கடைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினாள். சீட்டு விழுந்த கடைகளுக்கு மேஜை. விழாத கடைகள் எப்போதும்போல. இரண்டு கூட்டத்துக்கும் மழை ஒன்று, திருவிழா ஒன்று, சம்பள நாள் ஒன்று. ஆகவே விற்பனையில் வித்தியாசம் வந்தால் அதற்கு மேஜைதான் காரணம்.

வித்தியாசம் வரவில்லை. மேஜை போட்ட கடைகளில் விற்பனை ஏறியது. போடாத கடைகளிலும் அதே அளவுக்கு ஏறியது.

விற்பனை மேலாளர் பெடோனியா கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: "மேஜைக்குப் பதிலா சவப்பெட்டி வெச்சிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும் மேடம்." அறை முழுக்கச் சிரித்தது. அந்த வாரமே லியோனிலாவுக்கு வேலை போனது. மேஜைகளில் நின்ற பெண்களுக்கும் போனது. பெடோனியா உதவித் தலைவர் ஆனார்.

சீட்டு விழாத கடைகளில் யாரோ பெட்டி பெட்டியாக வாங்கியிருக்கிறார்கள் என்று கொன்சோர்சியா கண்டுபிடித்து இரண்டு வாரம் ஆகிறது. யார் என்பதுதான் பாக்கி. லியோனிலாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"பெடோனியாதான். எனக்கு வேலைகூட வேண்டாம் மனாங். அந்த ஆள் அழறதை நான் பாக்கணும்."

"அழ வெக்கறது சுலபம் மேடம். சரியான ஆளை அழ வெக்கணும்."

அதற்காகத்தான் இந்த ஒரு வார நாடகம். மறுபடியும் ருசிச் சோதனை நடக்கிறது, ஊரின் இன்னொரு பக்கத்தில், ஹாரோவில், என்று பெடோனியாவின் காதில் மட்டும் ஒரு செய்தியைப் போட்டார்கள். ஹாரோவில் எந்த மேஜையும் இல்லை. உண்மையான மேஜைகளை அரெவாலோவில் போட்டார்கள். கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. அரெவாலோவிலும் சீட்டுக் குலுக்கிப் பாதிக் கடைகளுக்குத்தான் மேஜை.

"நான் ஹாரோ முழுக்கச் சுத்திட்டு வந்துட்டேன்," என்றான் வில்மர். "ஒரு பாட்டில்கூடக் கூடுதலா போகலை. புலாவன் பாட்டில் மேல தூசி, தூசி மேல பூனை. ஆனா இங்க அரெவாலோவுல, மேஜை இல்லாத கடையெல்லாம் காலி. ஒரே ஆள். மூணு சக்கர வண்டியில வந்து அள்ளிட்டுப் போறான்."

லியோனிலாவின் கையிலிருந்த மீன் துண்டு கீழே விழுந்தது.

"அப்போ பெடோனியா..."

"அவருக்கு ஹாரோன்னுதான் தெரியும். ஹாரோ அசையலை," என்றாள் கொன்சோர்சியா. "அரெவாலோவை அசைச்சவனுக்கு யாரும் செய்தி சொல்லலை. தெருவுல மேஜையைப் பாத்தான். மேஜைக்குப் பின்னாடி உங்களைப் பாத்தான். அது போதும்னு கிளம்பிட்டான்."

"இருக்கவே முடியாது. பெடோனியா யாரையாவது விட்டு என்னைப் பின்தொடர்ந்திருப்பான்."

"இருக்கலாம். அந்த ஆளைப் பிடிச்சுக் கேட்டுடுவோம்."

"வண்டிக்காரன் பேரு தெரியலை," என்றான் வில்மர். "மூணு சக்கர வண்டி இந்த ஊர்ல எத்தனை இருக்கு தெரியுமா? எங்க மாமாவுக்கே ரெண்டு. வினிகரை யார் பெட்டி பெட்டியா வாங்கினாங்கன்னு வீடு வீடா கேட்கச் சொன்னா, நான் இப்பவே மடத்துல சேர்ந்துடறேன்."

கொன்சோர்சியா கடலை உருண்டையைக் கடித்தாள். "வாங்கினவனைத் தேடாதே. யோசி. அவ்வளவு வினிகரை ஒருத்தன் என்ன பண்ணுவான்? குடிக்க முடியாது. ஓடையில ஊத்தினா தெருவே மூக்கைப் பிடிக்கும். மனுஷன் காசு போட்டு வாங்கினதை உபயோகிக்கத்தான் பாப்பான். அதனால, வினிகர் வாங்கறதை நிறுத்தினவனைத் தேடு."

லியோனிலா ஏப்ரனைக் கழற்றினாள். மூன்று பேரும் சந்தைக்குக் கிளம்பினார்கள்.

இஸ்யாங் அரெவாலோ சந்தையில் தென்னங்கள்ளிலிருந்து இறக்கிய வினிகரைக் கேன் கேனாக விற்பவள். சாப்பாட்டுக் கடைகளெல்லாம் அவளிடம்தான் வாங்கும். அன்று அவள் கேன்கள் நிரம்பியிருந்தன, முகம் தொங்கியிருந்தது.

"வியாபாரம் எப்படி மனாங் இஸ்யாங்?"

"கேக்காத. வில்லா கடற்கரையில சிப்பிக் கடை வெச்சிருக்கானே நோனிட்டோ, என் பெரிய வாடிக்கை. இந்த வாரம் ஒரு சொட்டு வாங்கலை. ஏன்டான்னு கேட்டா சிரிக்கிறான்."

"இப்படி எப்பவாவது முன்னாடி பண்ணியிருக்காரா?"

"போன வருஷம் ஒரு தடவை. திருவிழா சமயம். அப்புறம் தானா வந்து வாங்க ஆரம்பிச்சான். போன வாரம் வரைக்கும் மாப்பிள்ளை மாதிரி ஒழுங்கா இருந்தான், இப்ப மறுபடி கிறுக்குப் பிடிச்சிருச்சு."

கொன்சோர்சியா லியோனிலாவைத் திரும்பிப் பார்த்தாள். "மேஜை வந்தது, நிறுத்தினான். மேஜை போச்சு, வாங்கினான். மறுபடி மேஜை வந்தது, மறுபடி நிறுத்தினான். உங்க படிப்புல இதுக்கு என்ன பேரு மேடம்?"

லியோனிலா வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். "நோனிட்டோ சிப்பிக் கடை," என்றாள் மெதுவாக. "பெடோனியா ஞாயித்துக்கிழமை தவறாம அங்கதான் சாப்பிடுவான்."

வில்மர் வண்டியைக் கிளப்பினான். "நான் சொல்லலை, ஆனா இப்போ சொல்லலாம்ல? பெடோனியாதான்!"

"அவர் அங்க சாப்பிடறாரு. வினிகரும் அங்க போயிருக்கு. ரெண்டும் ஒரே இடத்துல இருக்குன்னு ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆயிடாது," என்றாள் கொன்சோர்சியா. "மேடம், உள்ள போனதும் நான் பேசறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

லியோனிலா தலையாட்டினாள்.

நோனிட்டோவின் கடை கடலைப் பார்த்த மூங்கில் கொட்டகை. சுட்ட சிப்பி வாசனையும் கடல் காற்றும். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய சினமாக். மூலை மேஜையில் வெள்ளைச் சட்டையில் பெடோனியா உட்கார்ந்து சிப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

கொன்சோர்சியா முதலாளியைத் தேடிச் சமையலறைப் பக்கம் நடந்தாள். பின்னால் ஒரு அலறல் கேட்டது. திரும்பினாள். பெடோனியாவின் தலையிலிருந்து மிளகாய் வழிந்துகொண்டிருந்தது. சட்டைப்பையில் ஒரு பூண்டுப் பல். லியோனிலாவின் கையில் காலி ஜாடி.

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல!"

"அவங்க வாயைத் திறக்கலை மனாங். ஜாடியைத்தான் திறந்தாங்க," என்றான் வில்மர்.

"கண்ணு! என் கண்ணு! பைத்தியக்காரி!" பெடோனியா மேஜைத் துணியால் முகத்தைத் துடைத்தார்.

"எரியுதா? எனக்கு ஒரு வருஷமா எரியுது!" லியோனிலா காலி ஜாடியை மேஜையில் இடித்தாள். "என் சோதனையைக் கெடுத்தே. என் பொண்ணுங்களை நடுத்தெருவுல விட்டே. சொல்லு, யாரை விட்டு வாங்கினே?"

"எதை வாங்கினேன்? நான் சிப்பிதான் வாங்கினேன்!"

"அவரை விடு."

சமையலறை வாசலில் ஒரு ஆள் நின்றிருந்தான். அகலமான தோள், கையில் சிப்பி உடைக்கிற கட்டைக் கத்தி. முகத்தில் சிரிப்பு. அவசரமில்லாமல், நெடுநாள் காத்திருந்தவன் சிரிக்கிற சிரிப்பு.

"அந்தப் பாட்டிலையெல்லாம் வாங்கினது நான். போன வருஷமும் நான்தான், இந்த வாரமும் நான்தான். உன் மேஜையில ஒரு தடவைகூட நான் கை வெக்கலை. வெக்கத் தேவையே இல்லை. பக்கத்துக் கடையில வாங்கினா போதும், உன் கணக்கு தானா செத்துப்போகும்."

லியோனிலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாரு? உன்னை நான் பாத்ததே இல்லையே."

"பாத்திருக்க மாட்டே. என் பொண்டாட்டி டெல்ஃபாவையும் நீ பாத்ததில்லை. லா பாஸ்ல பெட்டிக்கடை வெச்சிருந்தா. மூணு வருஷம் முன்னாடி விலைச் சோதனை ஒண்ணு பண்ணியே, ஞாபகம் இருக்கா? சில கடைக்கு மட்டும் விலையை ஏத்திப் பாத்தியே?"

கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிப்பியைக் கீழே வைத்தார்கள்.

"அந்தச் சீட்டு அவ கடைக்கு விழுந்துச்சு," என்றான் நோனிட்டோ. "கம்பெனிக் கிடங்குல இருந்து வாராவாரம் சரக்கு எடுத்துட்டு வர்றது நான்தான். விலை ஏறியிருக்குன்னாங்க. சரின்னு குடுத்துட்டு வந்தேன். எதிர்க் கடையில பழைய விலைக்கே விக்கிறா. தெருவே டெல்ஃபாவைப் பாத்து, ஏன்டீ கொள்ளை அடிக்கிறேன்னு கேட்டுச்சு. அவ போய் எதிர்க் கடைக்காரி கிட்ட வாங்கின விலையைக் கேட்டா. கம்மி. அப்போ நடுவுல காசு எங்க போச்சு?"

அவன் கத்தியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"எனக்குச் சேவல் சண்டைப் பழக்கம் இருந்துச்சு. விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். அவ நம்பியிருந்தா. இது நடந்ததும், நான்தான் நடுவுல எடுத்து சேவல் மேல கட்டறேன்னு முடிவு பண்ணிட்டா. கடையை மூடிட்டா. இப்போ ஹாங்காங்ல யாரோ வீட்டுல சமைக்கிறா. என் போனை எடுக்க மாட்டா. அப்புறம் உங்க கிடங்குக்காரன் ஒருத்தன் இங்க குடிச்சுட்டு உளறினப்போதான் எனக்கே சீட்டுக் கதையும் உன் பேரும் தெரிஞ்சுது. அவளுக்கு எழுதினேன். எந்தக் கம்பெனி சீட்டுக் குலுக்கி விலை வெக்கும், பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேண்டாமான்னு பதில் வந்துச்சு. அதோட சரி."

லியோனிலாவுக்கு அந்தக் கடை தெரியாது. முடிவு தெரியும். விலை ஏறியதும் விற்பனை செங்குத்தாக விழுந்த கடை ஒன்று லா பாஸில் இருந்தது. அந்தச் சரிவைத் திரையில் போட்டுக் காட்டித்தான் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. கடைக்காரர்களிடம் காரணம் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்கள் நடந்துகொள்கிற விதம் மாறிவிடும், முடிவு கெட்டுவிடும் என்று விதி போட்டவளும் அவள்தான். சோதனை முடிந்த பிறகு ஒருத்தராவது போய்ச் சொல்லலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்.

ஆனால் அவள் வாயில் வந்தது வேறு.

"அதுக்காக என்னை அழிச்சியா? என்கூட இருந்த பொண்ணுங்க என்ன பண்ணினாங்க உனக்கு?"

"என் டெல்ஃபா என்ன பண்ணினா உனக்கு? காரணம் தெரியாம அடி வாங்கினா எப்படி இருக்கும்னு உனக்குக் காட்டணும்னு நெனச்சேன். காட்டிட்டேன். போ, போலீஸைக் கூப்பிடு. காசு குடுத்துதான் வாங்கினேன்."

"அவர் சொல்றது சரி," என்று வில்மர் முணுமுணுத்தான். "வினிகர் வாங்கினதுக்கு ஜெயில்னா எங்கம்மா ஆயுள் கைதி."

லியோனிலாவின் முகத்தில் ஏதோ தெளிந்தது. நல்ல தெளிவு அல்ல.

"உன் பொண்டாட்டி உன்னை நம்பலை. நான் சொன்னாதான் நம்புவா. அப்படித்தானே?"

நோனிட்டோவின் சிரிப்பு நின்றது.

"என் வாயில இருந்து அது வராது. நீ திருடன்னு நெனச்சே அவ இருக்கட்டும். என் பேரை நீ எடுத்தே. உன் பேரு என்கிட்ட இருக்கு. குடுக்க மாட்டேன்."

அவள் திரும்பி வாசலை நோக்கி நடந்தாள். நோனிட்டோவின் கையிலிருந்த கத்தி மேஜை மேல் விழுந்தது. அவன் பின்னால் வரவில்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

கொன்சோர்சியா வாசலில் குறுக்கே நின்றாள்.

"வழி விடுங்க மனாங். என் கேஸ் முடிஞ்சுது."

"முடிஞ்சுது. ஒரே ஒரு கேள்வி. போன வருஷம் அந்த அறையில எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிச்சப்போ, உண்மை தெரிஞ்ச ஒருத்தன் இதே ஊர்ல வாயை மூடிட்டு இருந்தான். அவன் மேல உங்களுக்கு எவ்வளவு கோவம்?"

"அவன் கழுத்தை நெரிக்கணும் போல இருக்கு."

"ஹாங்காங்ல இருக்கறவளுக்கு அந்த ஆள் யாரு?"

கடல் இரைந்தது. பெடோனியா மூக்கைச் சிந்தினார்.

லியோனிலா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். நோனிட்டோவிடம் போய் முகத்தைப் பார்க்காமல், "நம்பர்," என்றாள்.

ஹாங்காங்கில் வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு ஞாயிறு விடுமுறை. தெரியாத எண் என்பதால் டெல்ஃபா எடுத்தாள். பின்னணியில் நூறு பெண்கள் பூங்காவில் உட்கார்ந்து பேசுகிற இரைச்சல். லியோனிலா ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"யாருங்க?"

"என் பேரு லியோனிலா பபிலோனா. புலாவன் கம்பெனியில ஆராய்ச்சி வேலை பாத்தேன். உங்க கடைக்கு விலையை ஏத்தினது நான். சீட்டுக் குலுக்கி உங்க கடையைத் தேர்ந்தெடுத்தேன். எதிர்க் கடைக்குச் சீட்டு விழலை. உங்க புருஷன் நடுவுல ஒண்ணும் எடுக்கலை."

டெல்ஃபாவின் குரல், கத்தி போல: "அவன் உங்களுக்கு என்ன குடுத்தான்? சொல்லிக் குடுத்ததை நல்லா ஒப்பிக்கிறீங்க."

"குடுத்தானா?" லியோனிலா கத்தினாள். அதுவரை அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்தது. "உங்க புருஷன் என் வேலையைக் கெடுத்தான்! ஊர் சிரிக்க வெச்சான்! இப்போ என் முன்னாடிதான் உக்காந்திருக்கான், இன்னொரு ஜாடி கையில இருந்தா அவன் தலையிலும் கொட்டுவேன். அவனுக்கு நல்லது பண்ண எனக்கு உலகத்துல ஒரு காரணமும் கிடையாது. இந்தப் போனைப் பண்ணாம விட்டிருந்தா அவன் கடைசி வரைக்கும் வெந்துட்டிருப்பான், நான் பாத்துட்டு இருந்திருப்பேன். அப்படியும் சொல்றேன். அவன் எடுக்கலை. எடுத்தது நாங்க."

ஹாங்காங் பூங்காவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் அப்பவே வந்து சொல்லலை?" டெல்ஃபாவின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"உங்களை எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு தோணலை."

"உங்களை நான் மன்னிக்க மாட்டேன்."

"வேண்டாம்."

"போனை அவர்கிட்ட குடுங்க."

லியோனிலா போனை மேஜை மேல் வைத்தாள். நோனிட்டோ அதைப் பார்த்தானே தவிரத் தொடவில்லை. பெரிய கைகள் மடியில் கிடந்தன. வில்மர்தான் ஒலிபெருக்கியை அணைத்து, போனை எடுத்து அவன் காதில் வைத்து, கையைப் பிடித்து அதன் மேல் பொருத்தினான்.

"இன்டாய்..." என்றான் நோனிட்டோ. மனைவியைச் செல்லமாக அழைக்கிற சொல் அது.

லியோனிலா பெடோனியாவின் மேஜைக்கு வந்தாள். அவர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார்.

"கேட்டீங்கல்ல? என் சோதனையில தப்பில்லை. சவப்பெட்டின்னு சொன்ன அதே அறையில, அதே ஆளுங்க முன்னாடி, இதை நீங்க சொல்றீங்க. நாளைக்கு. என் பொண்ணுங்களையும் கூட்டிட்டு வருவேன். சிரிச்சவங்க ஒருத்தர்கூட லீவு போடக் கூடாது."

"சொல்றேன் மேடம்," என்றார் பெடோனியா சிவந்த கண்களோடு. "தண்ணி... யாராவது தண்ணி குடுங்களேன்."

வெளியே வெயில் மணலை வறுத்துக்கொண்டிருந்தது. லியோனிலா வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அவனை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுடாதீங்க மனாங்."

"நெனைக்கலை."

"அந்த அறைக்கு அவனையும் இழுத்துட்டு வருவேன். எல்லார் முன்னாடியும் அவன் வாயால சொல்லணும்."

"சொல்லட்டும். ஆனா லா பாஸ் கதையையும் சேர்த்துத்தான் சொல்லுவான்."

லியோனிலா கடலைப் பார்த்தாள். "சொல்லட்டும்," என்றாள்.

வில்மர் மூங்கில் தட்டியின் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "மேடம், உங்க போன் அவன்கிட்டயே இருக்கு. வாங்கிட்டு வரட்டுமா?"

"என்ன பண்றாங்க?"

"திட்டறா. இங்க வரைக்கும் கேக்குது. அவன் தலையை ஆட்டிக்கிட்டே இருக்கான், அவளுக்குத் தெரியற மாதிரி." வில்மர் இன்னும் கொஞ்சம் குனிந்தான். அவன் குரலில் கிண்டல் இல்லை. "ஆனா அவ போனை வெக்கலை மேடம். இன்னும் வெக்கலை."